கல்லூரியில் கொள்ளைநோய் ஒத்திகையும் கணினி சிமுலேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற பக்கம் இருக்கும் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டமும் என் பொறுப்புதான். ஒரு கற்பனைத் தொற்றுநோய் விடுதிக்குள் நுழைந்தால் என்ன செய்வோம் என்று கணினியை வைத்து இதுவரை இரண்டு முறை ஒத்திகை நடத்தியிருக்கிறோம். அதைக் கேள்விப்பட்ட பக்கத்துக் கல்லூரிக்காரர்கள், வார்டன்கள், பெற்றோர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிமுலேஷன் என்றால் என்ன? வீடியோ கேம் மாதிரியா?

கொஞ்சம் அப்படித்தான். கல்லூரியில் இருக்கிற ஒவ்வொருவரையும் கணினிக்குள் ஒரு புள்ளியாக வைக்கிறோம். அந்தப் புள்ளி எந்த அறையில் தூங்குகிறது, எந்த வகுப்பில் உட்காருகிறது, எந்த பஸ்ஸில் வருகிறது என்று எழுதிக்கொடுக்கிறோம். ஐந்து புள்ளிகளுக்குக் காய்ச்சல் என்று வைத்து நாட்களை ஒவ்வொன்றாக நகர்த்தினால், யாரிடமிருந்து யாருக்கு ஒட்டுகிறது என்று கணினி எண்ணிக்கொண்டே போகும்.

கேம் என்று கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ஒரு கோளாறு. ஒரே ஒரு சண்டைக்களத்துக்குள்ளேயே நிற்க வேண்டிய மாய ரத்தநோய், ஆட்டக்காரர்களின் வளர்ப்பு விலங்குகளில் ஒட்டிக்கொண்டு நகரங்களுக்கு வந்துவிட்டது. சிலர் மற்றவர்களைக் காப்பாற்ற ஓடினார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். 2007இல் இதைத் தொற்றுநோய் ஆய்வாளர்கள் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். மனுசன் இப்படியெல்லாம் நடந்துகொள்வான் என்பது சமன்பாட்டில் வராத விஷயம். இது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரிகளில் மாக் டிரில் நடக்கிறதே, அது போதாதா?

2022 டிசம்பர் 27 அன்று நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒன்று நடந்தது. படுக்கை இருக்கிறதா, ஆக்ஸிஜன் வருகிறதா, வெண்டிலேட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். தேவையான வேலைதான். ஆனால் அதில் தெரிவது பொருள் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்.

தீயணைப்பு ஒத்திகை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தொற்றுநோய் மூன்று நான்கு மாதம் இழுக்கும். அதை அப்படியே நடித்துப் பார்க்க முடியாது, காலத்தைச் சுருக்கியாக வேண்டும். இன்று எடுக்க வேண்டிய முடிவை மூன்று நாள் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் காட்டிவிடக் கணினியால்தான் முடியும்.

உள்ளே அப்படி என்னதான் கணக்கு? எனக்குக் கணக்கு வராது.

கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். மொத்தப் பேரை மூன்று கூடையில் போடுங்கள்: இன்னும் நோய் வராதவர்கள், இப்போது நோயோடு இருப்பவர்கள், வந்து குணமானவர்கள். தினமும் முதல் கூடையிலிருந்து சிலர் இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து சிலர் மூன்றாவதுக்கும் போவார்கள். இதைச் சமன்பாடாக எழுதியவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர், 1927இல். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியில் வேலை பார்த்தவர். கெர்மாக்குக்கு ஆய்வகத்தில் நடந்த விபத்தில் 1924லேயே பார்வை போய்விட்டது, கணக்கை மனதிலேயே போட்டவர். தங்கள் சமன்பாடு சரியா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905, 1906இல் பம்பாயில் பிளேக்கில் செத்தவர்களின் வாராந்திரக் கணக்கை. இன்று எல்லாரும் ஓட்டுகிற மாடலின், அதாவது கணக்கு மாதிரியின், விதை நம் நாட்டுச் சாவுக் கணக்கில் இருக்கிறது.

இப்போது ஒரு விடுதி. 600 பேர், ஐந்து பேருக்கு நோய். நோயுள்ள ஒருவர் இரண்டரை நாளுக்கு ஒருவருக்குப் பரப்புகிறார், சராசரியாக ஐந்து நாளில் குணமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒருவரிடமிருந்து இரண்டு பேருக்கு. இதைத்தான் ஆர்-நாட் 2 என்பார்கள். தட்டம்மைக்கு இது 12 முதல் 18 வரை, 2020இல் வந்த முதல் கொரோனாவுக்கு 2, 3 என்று பொதுவாகச் சொல்லப்பட்டது.

எக்செல்லில் ஒவ்வொரு வரிசையும் ஒரு நாள். முதல் நாள் புதிதாக இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் குணமாவார், கையில் ஆறு. இப்படியே போனால் நாலாவது நாள் பத்து, எட்டாவது நாள் இருபது. மூன்றரை வாரத்தில் உச்சம். ஒரே நேரத்தில் 100 பேர் அளவில் படுத்திருப்பார்கள். எல்லாம் அடங்கும்போது ஐந்தில் நாலு பேருக்கு வந்து போயிருக்கும்.

இனி ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். கலந்து பழகுவதைக் கால்வாசி குறைத்தோம், அதாவது ஆர்-நாட் 2 போய் 1.5 ஆனது. உச்சத்தில் படுத்திருப்பவர்கள் 40 பேரை ஒட்டி வந்துவிடுவார்கள். கால்வாசி குறைத்ததற்குப் பாதிக்கும் மேலே இறங்குகிறது. நான் வகுப்பில் எவ்வளவு விளக்கியும் ஏறாதது, எக்செல்லின் இந்த ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றி, வரைபடத்தில் வளைவு சரிவதைப் பார்த்ததும் எங்கள் வார்டனுக்குப் புரிந்துவிட்டது. அவர் வரலாறு எடுப்பவர்.

நோய் வந்தவர்களுக்குத் தனி அறை எத்தனை வேண்டும் என்று கணினி சொல்லிவிடுமா?

அப்படிக் கேட்டால் தப்பான பதில் வரும். பத்து அறை இருந்தால் எந்த நாளில் தீரும் என்று கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் நாலாவது நாளே தீர்ந்துவிடும். சரி, ஐந்தாவது நாள் பதினோராவது பிள்ளையை எங்கே படுக்க வைப்பீர்கள்? அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஒத்திகை.

ஒரே எண்ணைக் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறதே, மென்பொருளில் தப்பா?

தப்பில்லை. எக்செல் மூன்று கூடைக் கணக்கில் ஒரே விடைதான் வரும். ஆனால் தனித்தனிப் புள்ளிகளாக ஓட்டும்போது, யாருக்கு ஒட்டும் என்பதைக் கணினி பகடை உருட்டித்தான் முடிவு செய்யும். நிஜத்திலும் அப்படித்தானே, பக்கத்து மெத்தைக்காரனுக்கு வராமல் எதிர் அறைக்காரனுக்கு வருகிறது.

இதில் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. ஆர்-நாட் 2ஆக இருக்கும்போது ஒரே ஒரு நோயாளியோடு தொடங்கினால், இந்த எளிய மாதிரியில் ஏறக்குறையப் பாதி ஓட்டங்களில் நோய் தானாகவே அணைந்துவிடும். நாலு முறை ஓட்டி நாலும் அணைந்தால் ‘ஒண்ணும் ஆகாது’ என்று தோன்றும். ஐந்து பேரோடு தொடங்கினால் அப்படி அணைவது 32 ஓட்டத்தில் ஒன்றுதான். அதனால் நூறு, இருநூறு முறை ஓட்டி, மோசமான பத்து ஓட்டங்களையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். சராசரியை மட்டும் காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

மாதிரி சொல்வது பலிக்குமா?

இது சோசியம் இல்லை. பலிக்காமல் போன பெரிய உதாரணங்களே இருக்கின்றன. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் 2020இல் வாரம் இருமுறை எல்லாருக்கும் எச்சில் பரிசோதனை என்று ஏற்பாடு செய்து, இயற்பியல் பேராசிரியர்கள் ஒரு கணினி மாதிரி போட்டுக்கொடுத்தார்கள். மாணவர்கள் பார்ட்டிக்குப் போவார்கள் என்பதைக்கூடச் சேர்த்திருந்தார்கள். தொற்று உறுதியான பிறகும் போவார்கள் என்பதைத்தான் சேர்க்கவில்லை. வளாகம் திறந்த சில நாட்களிலேயே எண்ணிக்கை கணிப்பைத் தாண்டிவிட்டது. பிறகு கட்டுப்பாடு போட்டுக் குறைத்தார்கள்.

நம்மூரிலும் அதே கதைதான். சூத்ரா என்ற மாதிரியை உருவாக்கியவர்களே, 2021 இரண்டாம் அலை எவ்வளவு உயரும் என்று தங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் எதற்கு என்கிறீர்களா? இரண்டு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க. ‘எத்தனை பேருக்கு வரும்’ என்பதற்கு மாதிரி தரும் எண்ணை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ‘மெஸ்ஸை இரண்டு பந்தியாகப் பிரிப்பதா, வகுப்பை நிறுத்துவதா, எது அதிகம் குறைக்கும்’ என்று கேட்டால் அது தரும் பதில் பெரும்பாலும் உருப்படியாக இருக்கும்.

மதுரைப் பக்கத்துக் கல்லூரிக்கு என்று எதை மாற்ற வேண்டும்?

ஏறக்குறைய எல்லாவற்றையும். வெளிநாட்டில் எழுதிய மாதிரியில் ஓர் அறைக்கு இரண்டு பேர். நம் விடுதியில் ஆறு பேர், பரீட்சை நேரத்தில் எட்டு. அங்கே மாணவர் காரில் வருகிறார். இங்கே உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிற பிள்ளை, டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வரை நெருக்கியடித்து நின்று, இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறி வருகிறது. வகுப்பில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு உட்கார வைத்துவிட்டு பஸ்ஸை மறந்தால் மாதிரி பொய் சொல்லும்.

முதல் ஒத்திகையில் நாங்கள் செய்த தப்பு இதைவிட மோசம். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம் என்று எல்லாரையும் புள்ளியாக்கி, திரையில் ஓட விட்டோம். பின்னால் கையைக் கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த மெஸ் மாஸ்டர், “என்ன சார், உங்க கம்ப்யூட்டர்ல எங்கள யாரையும் காணோமே?” என்றார். பதினோரு பேர். காலையில் இட்லி ஊற்றுவதிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவுவது வரை அறுநூறு பேரையும் தினமும் மூன்று வேளை பார்க்கிற பதினோரு பேர் எங்கள் மாதிரியில் இல்லை. அவர்களைச் சேர்த்து ஓட்டியபோது உச்சம் முன்னால் வந்ததைவிட, இன்னொன்றுதான் பயமுறுத்தியது. இரண்டாவது வாரம் அவர்களில் ஆறு பேர் படுத்துவிட்டால் விடுதிக்குச் சோறு கிடையாது. எந்தப் பாதுகாப்புத் திட்டத்திலும் அந்த வரி இல்லை.

அடுத்தது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மூன்றரைக்கு மேல் விடுதியில் பாதிப் பேர் துணிப்பையோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், திங்கள் காலை திரும்பி வருவார்கள். அப்புறம் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குகிற நேரமும் செமஸ்டர் பரீட்சை நேரமும் பெரும்பாலும் உரசிக்கொண்டுதான் வரும். லட்சக்கணக்கான ஜனத்துக்குள் போய்விட்டு மறுநாள் பரீட்சை ஹாலில் உட்காருகிற பிள்ளையை எந்த மென்பொருளும் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. 2020லும் 2021லும் பக்தர்களோடு திருவிழா நடக்காமல் போனதை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு தடை இல்லாத வருடத்தில் போகாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? முக்கால்வாசிப் பேர் போவார்கள் என்றே எண்ணைப் போடுங்கள்.

தொற்று வந்ததும் விடுதியை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்ததே?

ஒத்திகையில் முதலில் கை தூக்குகிறவர் எப்போதும் இதைத்தான் சொல்வார். நாங்கள் போட்டும் பார்த்தோம். வளைவு அப்படியே தரைக்கு இறங்கியது. அறையில் கைதட்டல்கூட வந்தது. பின்னாலிருந்து இரண்டாம் வருட மாணவி ஒருத்தி, “சார், அது காலேஜ் கேட்டுக்குள்ள மட்டும்தானே குறையுது?” என்றாள்.

உண்மைதான். எங்கள் மாதிரியின் எல்லை கல்லூரி கேட். அதைத் தாண்டியவர்களைக் கணினி மறந்துவிட்டது. அன்று மதியமே ஒவ்வொரு விடுதிப் பிள்ளைக்கும் வீட்டில் நாலு பேர், அதில் ஒருவர் வயசானவர் என்று சேர்த்தோம். மறுபடி மூடினோம். கேட்டுக்குள் பூஜ்யம், பேரையூரிலும் செல்லம்பட்டியிலும் ஏற்றம். அறிகுறி தெரியாமலே தொற்றோடு கிளம்பியவர்கள்தான் காரணம். 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுகளுக்கு ஓடியது எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது.

மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூடுவதற்கு முன் எத்தனை நாள் கவனித்து, யாரை அனுப்பி, யாரை வைத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இந்த ஒரு கேள்விக்கே அரை நாள் ஒதுக்கலாம்.

என்ன மென்பொருள்? செலவு எவ்வளவு ஆகும்?

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். மூன்று கூடைக் கணக்குக்கு எக்செல் போதும். புள்ளிகள் ஓடுவதைக் கண்ணால் காட்ட நெட்லோகோ நல்லது. 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கியது, இலவசம், உள்ளேயே வைரஸ் பரவல் மாதிரி தயாராக இருக்கிறது. பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்த மாணவர்கள் இருந்தால் 2020இல் வந்த கோவாசிம் என்ற கொரோனா மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். என் அபிப்பிராயம், முதல் வருடம் எக்செல்லோடு நில்லுங்கள். பெரிய மென்பொருளை இறக்கினால் கணினித் துறைப் பையன்கள் மட்டும் பேசுவார்கள், வார்டன் வாயே திறக்க மாட்டார்.

ஒத்திகை நாளன்று என்ன நடக்கும்?

ஒரு ஹால், நாலு மேசை: நிர்வாகம், விடுதி, மெஸ், மாணவர்கள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பம். இருபது நிமிடம் என்பது மூன்று நாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டு வரும். இரண்டாவது ஒத்திகையில் வந்த முதல் சீட்டு இது: ‘மூன்றாம் நாள். பி பிளாக்கில் நாலு பேருக்குக் காய்ச்சல். ஒருவர் நேற்று சாயங்காலமே உசிலம்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்.’

வார்டன் அந்தப் பையன் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். நிஜமாகவே செய்யுங்கள், எண்ணை எடுங்கள் என்றேன். பெற்றோர் எண்கள் இருக்கிற ரெஜிஸ்டர் அலுவலக பீரோவில். சாவி கிளார்க்கிடம். கிளார்க் அன்று லீவு. விடுதியில் இருந்த ஒரே டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து வரச் சொன்னோம், பேட்டரி செத்திருந்தது. இதற்கெல்லாம் கணினியே தேவையில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் திரையில் எண் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் யாரும் பீரோ சாவியைத் தேடுகிறார்கள்.

ஒவ்வொரு மேசையும் எடுக்கிற முடிவை நாங்கள் எண்ணாக மாற்றி மாதிரிக்குள் போடுவோம். அடுத்த சீட்டு அதிலிருந்துதான் வரும். அவர்கள் தாமதித்தால் எண் ஏறும்.

கற்பனை நோய் என்றாலும் வெளியே வதந்தி கிளம்பாதா?

கிளம்பும். முதல் முறை ஒரு மாணவர் சீட்டைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். பதினொன்றரைக்குள் அலுவலகத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒரு அம்மா கேட்டுக்கே வந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று நின்றார். பேசி அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இப்போது ஒவ்வொரு சீட்டிலும் குறுக்கே பெரிய எழுத்தில் ‘பயிற்சி மட்டும்’ என்று அச்சடிக்கிறோம், முதல் நாளே பெற்றோருக்குச் செய்தி போய்விடும், நோய்க்கு ‘புளியங்காய்ச்சல்’ என்று சிரிப்பு வருகிற பெயர் வைத்திருக்கிறோம்.

உலக அளவிலேயே இது நடந்தது. 2019 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மையம் முன்னின்று ஈவென்ட் 201 என்ற மேசைப் பயிற்சியை நடத்தியது. கற்பனை நோயாக அவர்கள் எடுத்ததும் ஒரு கொரோனா வைரஸ். சில மாதத்தில் நிஜமே வந்துவிட, ‘முன்னாடியே திட்டம் போட்டுட்டாங்க’ என்று இன்றுவரை செய்தி சுற்றுகிறது. அது முன்கணிப்பு இல்லை என்று அவர்கள் அறிக்கையே விட வேண்டியதாயிற்று.

மாணவர்கள் போனையே வைத்து நோயைப் பரப்பிக் காட்டலாமாமே?

ஆமாம். அமெரிக்காவில் ஆபரேஷன் அவுட்பிரேக் என்று ஒன்று இருக்கிறது. புளூடூத் வழியாகப் பக்கத்திலுள்ள போனுக்கு மாய வைரஸ் தாவும். பள்ளியில் தொடங்கி, பிறகு கல்லூரிகளிலும் நடத்தினார்கள். சுவாரசியமானதுதான். ஆனால் யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது பதிவாகும். நம் விடுதிகளில் அந்தப் பட்டியல் யார் கையில் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். வருகைப் பதிவேட்டிலிருந்து எடுப்பதையும் பெயரை நீக்கி எண்ணாக மாற்றிய பிறகே பயன்படுத்துகிறோம்.

எங்கள் ஊரில் வருவது டெங்குதான். அதற்கும் இதே கணக்கா?

கூடைகள் அதேதான், நடுவில் கொசு வரும். ஒருவரிடமிருந்து நேராக இன்னொருவருக்கு ஒட்டாது. அதனால் ஆள் நெருக்கத்தைவிட, மூடாத டிரம், மாடியில் கிடக்கிற டயர், ஏர்கூலர் தண்ணீர் இவற்றின் எண்ணிக்கைதான் கணக்கில் முக்கியம். ஏடிஸ் கொசு வெகுதூரம் பறக்காது, முட்டையோ காய்ந்து மாதக்கணக்கில் கிடந்துவிட்டு மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மதுரையிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கொசு ஆராய்ச்சி மையம் சின்னசொக்கிகுளத்தில் பல வருடமாக இருக்கிறது. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் டெங்கு ஒத்திகை வைத்தால் மாணவர்களும் நிஜ டிரம்மைப் போய் எண்ணி வருவார்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கல்லூரிக்குள் நடத்தும் மேசைப் பயிற்சி என்றால் முதல்வர் ஒப்புதல் போதும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆனாலும் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். நிஜமாக வந்தால் முடிவெடுப்பது நாமாக மட்டும் இருக்காது. தமிழ்நாட்டில் 1939இலிருந்தே பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது, கட்டுப்பாடு போடும் அதிகாரம் சுகாதாரத் துறையிடம். எங்கள் ஒத்திகைக்கு வந்த ஆய்வாளர் முதல் அரைமணி நேரம் டீ குடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு அவர்தான் அதிகம் பேசினார்.

எங்கள் கல்லூரியிலும் நடத்த ஆசை. எங்கே தொடங்குவது?

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு மெஸ் வாசலில் நில்லுங்கள். வரிசையில் ஒருவர் எத்தனை நிமிடம் நிற்கிறார், முன்னும் பின்னும் எத்தனை பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், ஒரு டம்ளர் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணினால் மாதிரிக்கு வேண்டிய முதல் எண் கிடைத்துவிடும். அப்படியே மெஸ்ஸில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.